பழைய குதிரையும் புதிய லாடமும்

ஐம்பத்திரண்டாவது வயதில் நான் மோட்டார்ச் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கின்றேன் என்பதைத் தொலைபேசியிற் கேட்ட என் தமக்கையார் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "தம்பி, உனக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று வினவினார். அவர் கோண்டாவிலில் இருப்பவர். இங்கிலாந்திலே, வருடத்திற் பாதி நாள் மழையும் குளிருமாயிருக்கும் ஊரிலே, வீட்டு வாசலிற் கார் நிற்க, இருபத்துமூன்று வருடப் பழைமை வாய்ந்த இருசில்லு வாகனத்திற்கு ஒருவன் பணம் கொடுத்தான் என்றால், அவன் உடல்நலத்தை விசாரிப்பதே நியாயம். அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகின்றேன். மோட்டார்ச் சைக்கிள் வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் இதை வாசிக்கலாம். பிறர் பாவித்த பொருள் எதனையும் வாங்காத குடும்பம் நம்மிடையே இல்லை.

முதலில் நான் தேடியது எத்தகைய வாகனம் என்பதைக் கூறவேண்டும். நம் நாட்டு வீதிகளில் ஓடும் மோட்டார்ச் சைக்கிள்களிற் பெரும்பாலானவை 100 முதல் 150 சீ. சீ. வரையுள்ளவை. சந்தைக்கும் பாடசாலைக்கும் வயலுக்கும் அவையே போதும். ஐரோப்பாவிலோ ஒரே நாளில் முந்நூறு நானூறு மைல் செல்லும் வழக்கமுடையோர் உண்டு. அவர்களுக்கென ஏற்பட்ட ஒரு சாதியை 'ஸ்போர்ட்ஸ் ரூரிங்' என்பார்கள். பந்தயச் சைக்கிளில் ஏறியவன் குனிந்த முதுகோடு இறங்குவான்; பெருஞ் சுற்றுலாச் சைக்கிளில் ஏறியவன் சாய்மனைக் கதிரையில் இருப்பவன் போலாவான். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது இச்சாதி. வளைவுகளிற் சுறுசுறுப்பாகத் திரும்பும். காற்றைத் தடுக்க முன்னே ஒரு கவசம் இருக்கும். இருபுறமும் பெட்டி பூட்டலாம். பின்னே ஒருவர் நாள் முழுவதும் முறைப்பாடு செய்யாமல் இருந்து வரலாம். 1976 இல் ஜேர்மனியின் பி. எம். டபிள்யூ. தொழிற்சாலை வெளியிட்ட ஆர் 100 ஆர். எஸ். என்னும் வண்டியை இவ்வினத்தின் மூதாதை எனப் பலர் கொள்வர். அதன் முன்கவசம் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பரீட்சித்து வடிவமைக்கப்பட்டது. பின் 1986 இல் கவசாகியின் ஜீ. ரி. ஆர். 1000, ஹொண்டாவின் வி. எப். ஆர். 750 என யப்பானியரும் களத்தில் இறங்கினர். புதிதாய் வாங்குவதானால் இவை நம்போன்றோரின் எல்லைக்கு எட்டாதவை. ஆனால் இருபது வருடம் கழிந்தபின், அதே வண்டியைப் புது விலையிற் பத்தில் ஒரு பங்குக்கும் காணலாம். அங்கேதான் ஆசையும் ஆபத்தும் ஒன்றாகக் காத்திருக்கின்றன.

எனக்கு ஏன் இந்த ஆசை? எங்கள் ஒரே மகள் எடின்பரோவில் படிக்கின்றாள். நாங்கள் இருக்கும் லெஸ்ரரிலிருந்து அது ஏறக்குறைய 300 மைல். புகையிரதம் உண்டு, காரும் உண்டு. ஆகவே மகளைக் காரணம் காட்டுவது முழு உண்மையாகாது. இளமையில் விட்ட ஓர் ஆசை நடுவயதில் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது என்று சொன்னால் அதுவே சரி. மூன்று வருடம் கட்டிய சீட்டிலே 2,000 பவுண் கையில் வந்திருந்தது. வீட்டிலே சொன்னேன். என் மனைவி கோபித்திருந்தால் விடயம் அன்றோடு முடிந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. அரிசி கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பாராமலே சொன்னார்:

"இஞ்சாருங்கோ, வேண்டுறதெண்டால் வேண்டுங்கோ. ஆனால் உங்களைத் தனிய விடமாட்டன், நானும் பின்னுக்கு இருந்து வருவன். எங்கள் ரண்டு பேருக்கும் ஒண்டு நடந்தால் பிள்ளைக்கு ஆர் இருக்கினம் எண்டதை யோசிச்சு வேண்டுங்கோ."

அந்தச் சொல்லின் பின் எனக்கு வண்டியின் நிறமும் வேகமும் இரண்டாம் பட்சமாயின. இரண்டு உயிர்கள் ஏறும் வாகனத்தைக் குறைந்த காசில் வாங்குவது எவ்வாறு? ஒரு மாதம் வரை நான் வண்டி எதனையும் பார்க்கப் போகவில்லை. ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

முதலிற் கழித்தது எங்கள் உடலுக்கான செலவு. இரண்டு தலைக்கவசங்கள், இரண்டு மேற்சட்டைகள், கையுறைகள்: 600 பவுண். பாவித்த தலைக்கவசம் மலிவாகக் கிடைக்கும், அதனைத் தொடக்கூடாது. ஒருமுறை நிலத்தில் அடிபட்ட கவசம் வெளியே பளபளப்பாகவே இருக்கும். உள்ளே அதிர்ச்சியைத் தாங்கும் நுரைப்படை நசிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. பிரித்தானிய அரசாங்கம் 2007 தொடக்கம் தலைக்கவசங்களைச் சோதித்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கி வருகின்றது. விலை கூடியதற்கே நட்சத்திரமும் கூடும் என்பதில்லை என்பது அப்பட்டியலைப் பார்த்தால் விளங்கும். அடுத்து 300 பவுணை ரயருக்கும் ஒயிலுக்கும் பிறேக் கட்டைகளுக்கும் என ஒதுக்கினேன். பழைய வண்டி எதுவாயினும் வாங்கிய மாதத்தில் இவ்வளவு கேட்கும். மிஞ்சியது 1,100. காப்புறுதியையும் வீதிவரியையும் மாதச் சம்பளத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என விட்டேன். என் நண்பர் ஒருவர் இக்கணக்கைக் கண்டு, "அந்த விலைக்கு இரும்புதான் கிடைக்கும்" என்று சிரித்தார். கையில் 2,000 இருக்கும்போது 2,000 பவுண் வண்டியை வாங்கிவிட்டுத் தேய்ந்த ரயரோடு மாரிகாலம் முழுவதும் ஓடியவர் அவர்.

சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இலங்கைப் பத்திரத்தைக் கொண்டு இங்கே நெடுநாள் ஓட்ட முடியாது. அடிப்படைப் பயிற்சி, எழுத்துப் பரீட்சை, பின் இரண்டு பகுதிகளான செய்முறைப் பரீட்சை என எல்லாவற்றையும் இளைஞர்களோடு வரிசையில் நின்று முடித்தேன். ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் வந்து திடீரென நிறுத்திக் காட்டவேண்டும். அதில் என்னுடன் வந்த பத்தொன்பது வயதுப் பையனை விட நான் நன்றாய் நிறுத்தினேன் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கின்றேன்.

முதன்முதலிற் பார்த்தது நொட்டிங்ஹாமில் ஒருவரிடம் இருந்த ஹொண்டா வி. எப். ஆர். 800. 2000 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. வாசகர்களில் யந்திரப் பிரியர் இருப்பின் இவ்வண்டியின் பெயரைக் கேட்டதுமே முகம் மலரும். 'வி' எழுத்தின் வடிவில் அமைந்த நான்கு உருளைகள், அக்காலத்து வி. எப். ஆரில் வால்வுகளைத் திறக்கும் தண்டுகளைச் சங்கிலியினாலன்றிப் பற்சக்கரங்களினாலேயே சுழற்றுவர். அதனால் எழும் மெல்லிய ஊளையொலி வீணைத் தந்தியின் ரீங்காரம் போன்றிருக்கும். செந்நிறம். மாலை வெயிலில் மாதுளம்பழம் போல நின்றது. கேட்ட விலை 1,500. நான் வாய் திறக்குமுன்பே 1,300 ஆக இறங்கிற்று.

நான் வருமுன் எஞ்சினை இயக்கவேண்டாம் என்று முதல் நாளே கேட்டிருந்தேன். குளிர்ந்திருக்கும் எஞ்சினே உண்மை பேசும். அது முதல் முறுக்கிலே பற்றுகின்றதா, புகை கக்குகின்றதா, உள்ளே தட்டுகின்றதா என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வெளிப்படும். போய்க் கையை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல் போலச் சுட்டது. "பக்கத்துக் கடைக்குப் போய் வந்தேன்" என்றார் உரியவர். இருக்கலாம். கைப்பிடியின் இரு நுனிகளையும் பார்த்தேன். ஒன்று புதியது, மற்றையது பழையது. முன்சில்லை இடமும் வலமும் முழுதாகத் திருப்பினால், சட்டத்தின் கழுத்திலே ஒரு சிறு தடுப்பில் முட்டி நிற்கும். பலமாக விழுந்த வண்டியில் அத்தடுப்பு நசுங்கியிருக்கும். புதிய நிறம் பூசுகின்றவர்கள் அங்கே பூசுவார்கள், ஆனால் நிமிர்த்துவதில்லை. இவ்வண்டியில் அது நசுங்கியிருந்தது.

என் சட்டைப்பையில் ஒரு மலிவான வோல்ற்று மானி இருந்தது. பற்றரியில் அதனைத் தொட்டுக்கொண்டு எஞ்சினைச் சற்று விரைவாக இயக்கச் சொன்னேன். பதின்மூன்றரைக்கும் பதினான்கரைக்கும் இடையே ஊசி நிற்கவேண்டும். அது பன்னிரண்டரையிலேயே நின்றது. இவ்வகை ஹொண்டாக்களில் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் பாகம் வெப்பத்தாற் பழுதாவது எல்லோரும் அறிந்த குறை. வண்டி எங்கேனும் நடுவழியில் நின்றுவிடும். அன்றியும், இங்கே மூன்று வயது கடந்த வாகனம் ஒவ்வொன்றும் வருடத்துக்கொரு முறை எம். ஓ. ரி. என்னும் சோதனையிற் சித்தியடையவேண்டும். அச்சோதனைகளின் முடிவுகளை, வாகன இலக்கத்தை அறிந்த எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு வருடமும் மானியிற் காட்டிய மைலும், பரிசோதகர் எழுதிய குறிப்பும் அங்கே உண்டு. கைத்தொலைபேசியில் எடுத்துப் பார்த்தேன். ஒரு வருடம் 38,000 மைல் ஓடியிருந்த வண்டி, இரண்டு வருடம் கழித்து 29,000 மைல் ஓடியிருந்தது!

உரியவரிடம் நான் இதைப்பற்றித் தர்க்கிக்கவில்லை. நன்றி கூறிவிட்டுப் புறப்பட்டேன். "மாலைக்குள் இன்னொருவர் பார்க்க வருகின்றார்" என்றார். மாட்டுத் தரகர்கள் காலந்தொட்டு அந்த இன்னொருவர் வந்துகொண்டேதான் இருக்கின்றார். இருந்தும், தெரு முனையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவ்வளவு அழகு!

இரண்டாவது வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஹொண்டாவின் எஸ். ரி. 1100, 'பான் யூரோப்பியன்' என்ற பெயரால் 1990 தொடக்கம் பல்லாண்டு விற்பனையானது. பிரித்தானியப் பொலிசார் நெடுஞ்சாலைகளில் ஓட்டியது இதனையே. 28 லீற்றர் பெற்றோல் கொள்ளும். என் மனைவி பின்னே ஏறி இருந்து பார்த்து, "இது எங்கட வீட்டுச் சோபாவிலும் திறம்" என்றார். உரியவரும் நேர்மையானவர்; விலையைச் சிறிது குறைக்கவும் இணங்கினார். ஆனால் வண்டியின் நிறை பெற்றோலோடு முந்நூறு கிலோவுக்கு மேல். அவருடைய முற்றம் வீதியை நோக்கிச் சற்றே சரிந்திருந்தது. வண்டியைப் பின்னாகத் தள்ளி மேலேற்றிப் பாருங்கள் என்று அவரே சொன்னார். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள நான் மூன்றுமுறை முயன்று மூன்றாம் முறை இரண்டடி நகர்த்தினேன். குதிரைவலுவைப் பற்றிப் பேசுவோர் பலர். பெற்றோல் நிலையத்திலே, மழை பெய்யும்போது, மனைவி இறங்கி நிற்க, அந்தக் குதிரையை யார் பின்னுக்குத் தள்ளுவது என்று ஒருவரும் பேசுவதில்லை. ஓடும்போது எடை தெரியாது. விழுவதோ பெரும்பாலும் நிற்கும்போதுதான். மனவருத்தத்தோடு விட்டு வந்தோம். திரும்பும் வழியில் என் மனைவி அந்த ஆசனத்தைப் பற்றி இரண்டு தடவை குறிப்பிட்டார்.

பின்னர் இரண்டு மாதம் ஒன்றும் அகப்படவில்லை. விளம்பரங்களை வாசிப்பதே ஒரு கல்வியாயிற்று. 'பற்றரி மட்டும் போடவேண்டும்' என்றால் எஞ்சின் இயங்கவில்லை என்று பொருள். 'மனைவி விற்கச் சொல்கின்றாள்' என்றால் மனைவி அறிவுள்ளவர் என்று பொருள். விற்பவர் சொல்லும் காரணம் உண்மையாய் இருக்கின்றதா என்பதை நான் விலையிலும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

அவ்வாறு ஒரு நல்ல காரணம் 2024 வைகாசியில் வந்தது. இலண்டன் மாநகரில், புகை அதிகம் கக்கும் பழைய வாகனங்கள் வீதியில் இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் பன்னிரண்டரைப் பவுண் கட்டவேண்டும் என்ற விதி, முதலில் நகரின் நடுப்பகுதிக்கு இருந்தது. 2023 ஆவணி 29 ஆம் திகதி அது மாநகரின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்தது. மோட்டார்ச் சைக்கிள்களில் 2007 ஆம் ஆண்டளவிற்கு முற்பட்டவை பெரும்பாலும் இதில் அகப்படும். நகரின் தென்கிழக்கு ஓரத்தில், பெக்ஸ்லிப் பகுதியில் வசித்த ஒரு முதியவர் யமஹா டைவேர்ஷன் 900 ஒன்றை விற்கப் போட்டிருந்தார். 2001 ஆம் ஆண்டு வண்டி. 2004 முதல் அவரிடமே இருந்தது. கேட்ட விலை 1,150. வீட்டு வாசலைத் தாண்டினாற் பன்னிரண்டரைப் பவுண் என்றால் எவர்தான் வைத்திருப்பார்? வண்டியிற் குறை இருந்து விற்கவில்லை. சட்டம் மாறியதால் விற்கின்றார். இலண்டனுக்கு வெளியே இருக்கும் எனக்கு அச்சட்டத்தால் நட்டமில்லை.

டைவேர்ஷன் அழகில்லாத வண்டி. வி. எப். ஆரின் பக்கத்தில் நிறுத்தினால் மணப்பெண்ணின் அருகே நிற்கும் மாமியைப் போலிருக்கும். காற்றாற் குளிரும் 892 சீ. சீ. எஞ்சின், நான்கு காபரேற்றர்கள், 24 லீற்றர் தாங்கி. பின்சில்லுக்குச் சங்கிலி இல்லை. ஒரு தண்டே வலுவைக் கடத்துகின்றது. இதனைப் பெரிய இலாபம் என நான் கருதுகின்றேன். சங்கிலியுள்ள வண்டியானால் அதற்குச் சில நூறு மைலுக்கொரு முறை எண்ணெய் பூசவேண்டும். பின்பற்சக்கரத்தின் பின்புறத்திலே சங்கிலியை விரலாற் பிடித்து இழுத்து, பல்லிற் பாதி வெளியே தெரிந்தால் சங்கிலியோடு பற்சக்கரங்களையும் மாற்றவேண்டும். மழைநாட்டில் அது ஓயாத செலவு. தண்டுக்கோ இடைக்கிடை சிறிது ஒயில் மாற்றினாற் போதும். இலண்டனில் அவசரக் கடிதங்களையும் பொதிகளையும் கொண்டு ஓடிய கூலிக்காரர்கள் இவ்வண்டியை விரும்பியது இதனாலேதான். அழகைத் தேடுவோர் இதனைத் தேடுவதில்லையாகையால் விலையும் இறங்கியே இருக்கும்.

முதியவர் வண்டியைக் கொட்டிலுக்குள்ளே தொடாமல் வைத்திருந்தார். எஞ்சின் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது. சோக் என்னும் நெம்பை இழுத்து, பொத்தானை அழுத்தினார். சிறிது இருமி, மூன்று உருளைகளிலும் பின் நான்கிலும் பற்றி, சீராய் இரையத் தொடங்கிற்று.

அந்த இருமலைக் கேட்டதும் எனக்குத் தந்தையாரின் ஹொண்டா பிப்ரி நினைவு வந்தது. 1990 இன் பின் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, அதனை நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் குளிரிற் பற்றாது. ஒரு சிறு போத்தலிற் பெற்றோலைத் தங்கம் போல வைத்திருந்து, காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நாலு துளிக்குள் எழும்பாவிட்டால் அன்று பிரயாணம் இல்லை. ஆகவே அக்காலத்து இளைஞர் ஒவ்வொருவரும் எஞ்சினின் சத்தத்தைக் காதாற் படித்தோம். இதோ பற்றப் போகின்றது, இதோ அணையப் போகின்றது என்று. அந்தச் சைக்கிள் 1995 ஐப்பசியில், ஆச்சியின் பாயும் இரண்டு சாக்கு மூட்டைகளும் கட்டி, நாவற்குழிப் பாலத்தால் உருட்டிக்கொண்டு போகப்பட்டது. அதன் பின் அதற்கு என்னாயிற்று என்பது வேறு கதை. பெக்ஸ்லியில் அந்தக் கொட்டிலில் நின்றபோது, முப்பது வருடத்துக்கு முன் படித்த பாடம் எனக்கு உதவிற்று என்பதே இங்கே சொல்லவேண்டியது. நான்கு உருளைகளும் ஒத்துப் பாடின. உள்ளே தட்டல் இல்லை.

வோல்ற்று மானி பதினான்கைக் காட்டிற்று. நடுத்தாங்கியில் நிறுத்தி முன்சில்லை உயர்த்திக் கைப்பிடியை மெதுவாக அசைத்தேன். நடுவில் எங்கும் சிக்கவில்லை. ஆகவே கழுத்துக் குண்டுகள் நன்று. முன்கால்களின் பளபளப்பான குழாயில் ஒயில் வளையம் இல்லை. சட்டத்தில் வெட்டப்பட்டிருந்த இலக்கமும் பதிவுப் பத்திரத்திலிருந்த இலக்கமும் ஒன்றே. களவு போனதா, விபத்தில் அழிந்ததென்று காப்புறுதியாளர் தள்ளிவிட்டதா என்பதைச் சிறு கட்டணத்துக்கு அறியலாம். முதல் நாளே அறிந்திருந்தேன். எம். ஓ. ரி. பதிவுகளில் மைல் வருடந்தோறும் ஒழுங்காய் ஏறி 41,000 இல் நின்றது. ஒருமுறை பின் பிறேக் கட்டை தேய்ந்திருக்கின்றது என்று பரிசோதகர் எழுதியிருந்தார். முதியவர் ஒரு நீலநிறக் கொப்பியை நீட்டினார். இருபது வருடம் தாம் செய்தவை யாவும், திகதியும் மைலும் இட்டு, பென்சிலால் எழுதியிருந்தார். பரிசோதகர் குறித்த பத்தாம் நாள், 'பின் கட்டைகள் புதிது' என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிக்காகவே நான் வண்டியை வாங்கினேன் என்று சொன்னால் மிகையாகாது. யந்திரத்தின் உள்ளே நம் கண் போகாது. அதனை வைத்திருந்தவர் எத்தகையவர் என்பதைத்தான் நாம் காணமுடியும். புது வண்டி வாங்குகின்றவன் தொழிற்சாலையை நம்புகின்றான். எங்களைப் போன்றவர் நம்பவேண்டியது முன்னர் வைத்திருந்தவரின் பழக்கத்தை. பத்து வயது குறைந்த வேறொரு வண்டி அதே விலைக்கு அந்த வாரம் விளம்பரத்தில் இருந்தது. கொப்பி இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. அதனைப் பார்க்கவே நான் போகவில்லை.

ரயர்களுக்கு மட்டும் முதியவரிடம் பதில் இல்லை. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதலிரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். இவற்றில் 1513 என்றிருந்தது: 2013 ஆம் ஆண்டின் பதினைந்தாவது வாரம். பூவேலைப்பாடு ஆழமாகவே இருந்தது; சட்டம் கேட்பது ஒரு மில்லிமீற்றர், இதில் நான்கு இருந்தது. ஆனால் பதினொரு வயது இறப்பர் காய்ந்த பலகை. ஈர வீதியிற் பிடிக்காது. அதனைக் காட்டினேன். அவர் தலையசைத்து 1,050 க்கு இறங்கினார். என் கணக்கில் ஐம்பது மிச்சம்.

கடுதாசி விடயத்தில் நம் நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல். இங்கே பதிவுப் பத்திரத்தின் முகத்திலேயே, இஃது உரிமைக்குச் சான்று அன்று, பொறுப்பாளர் யார் என்பதையே காட்டும் என்று அச்சிட்டிருக்கின்றார்கள். ஆதலால் விலை, திகதி, சட்ட இலக்கம் யாவும் எழுதி இருவரும் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டு ஒன்றை வாங்கினேன். பெயர் மாற்றத்தை அவர் என் கண்முன்னே அறிவித்தார். நம் ஊரில் 'ஓப்பின் பேப்பர்' என்று, வெற்றுப் படிவத்தில் ஒப்பம் வைத்துக் கைமாற்றும் வழக்கம் பலரை எவ்வளவு அலைக்கழித்திருக்கின்றது என்பது உங்களுக்குத் தெரியும். 2020 முதற் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், பழைய சைக்கிள்கள் யானை விலைக்கு விற்றபோதும் அவ்வழக்கம் குறைந்ததாகக் கேள்விப்படவில்லை. பெயரை மாற்றாத வண்டி, காசு கொடுத்தபின்பும் மற்றவருடைய வண்டிதான்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே இரண்டு ரயரும் புதிதாய்ப் போட்டேன். கூலியோடு 240 பவுண். மிச்சத்தில் ஒயிலும் வடிகட்டியும் பிறேக் எண்ணெயும் மாறின. பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் குணமுடையது. நிறம் தேநீர்ச் சாயம் போலாகியிருந்தால் மாற்றவேண்டியதே. ரயர்க்காரர் பழைய ரயரைச் சில்லிலிருந்து பிரித்தெடுத்துக் கையால் மடிக்க முயன்றார், அது மடியவில்லை. என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியைப் பற்றி அவர் அன்றுவரை கேட்காத கேள்விகளையெல்லாம் அந்த மனிதரிடம் கேட்டார்.

ஆவணி மாதத்தில் எடின்பரோவுக்குப் போனோம். புது ரயர் முதல் நூறு மைலுக்கு வழுவழுப்பாயிருக்கும் என்பதால், அதற்கு முன்பே ஊருக்குள் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஓடிப் பழகியிருந்தோம். அறுபது மைலுக்கொரு முறை நிறுத்தம். அது அவருடைய சட்டம். ஸ்கொத்லாந்து எல்லையில், கார்ட்டர் பார் என்னும் மேட்டில், பலத்த மழை பிடித்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னேயிருந்தவர் ஒன்றும் பேசவில்லை. என் இடுப்பிற் கை சற்று இறுகிற்று, அவ்வளவே. வண்டி கோடு பிசகாமற் சென்றது. ஒருமுறை மட்டும் பெற்றோல் நிரப்பினோம்.

மகள் விடுதி வாசலில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அப்பா, இதைவிட வடிவானது கிடைக்கேல்லையோ?" என்றாள். நான் வாயெடுக்குமுன் அவளுடைய தாயார், ரயரில் உள்ள நான்கு இலக்கங்களையும் எப்படி வாசிப்பது என்று அவளுக்குக் காட்டத் தொடங்கிவிட்டார்.

இப்போது நீலக் கொப்பியில் முதியவரின் பென்சில் எழுத்துக்குக் கீழே என் பேனா எழுத்து ஒன்றரைப் பக்கம் ஓடியிருக்கின்றது. அடுத்த வேலை முன் பிறேக்கின் இறப்பர்க் குழாய்கள். வெளியே நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றை மாற்றியதாகக் கொப்பியில் எங்கும் இல்லை. உருக்கு வலை பின்னிய குழாய்கள் நெடுங்காலம் உழைக்குமாம். விலை கேட்டு வைத்திருக்கின்றேன். அடுத்த சீட்டு விழுந்ததும் போடவேண்டும்.